ஆணி, மணல், குத்துவிளக்கு: ஏழாம் வகுப்போடு அடர்த்தியை அளந்த கதை

இந்தப் பாடத்தை நான் பல வருடங்களாக நடத்திவருகிறேன். கரும்பலகையில் "அடர்த்தி = நிறை ÷ பருமன்" என்று எழுதி, இரண்டு கணக்குப் போட்டுக் காட்டி, மூன்றாவதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுவேன். தேர்விலும் பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள். இந்த வருடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று, மேஜையில் கிடந்த ஒரு ஆணியையும் கட்டடம் கட்டும் கம்பித் துண்டு ஒன்றையும் தூக்கிக் காட்டினேன். "ரெண்டும் இரும்பு. எதுக்கு அடர்த்தி அதிகம்?" என்று கேட்டேன். கிட்டத்தட்ட வகுப்பே சேர்ந்து சொன்னது: "கம்பிக்கு, டீச்சர்!"

சூத்திரத்தை முழு மதிப்பெண்ணுக்கு எழுதிய அதே பிள்ளைகள்தான். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. கற்றுக்கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. அதற்கப்புறம் ஐந்து சனிக்கிழமைகள், விருப்பமுள்ளவர்களை மட்டும் வரச் சொல்லி, எல்லாவற்றையும் கையால் அளந்து பார்த்தோம். என்ன செய்தோம், எங்கே தப்பு வந்தது என்பதை வேறு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வார்த்தைச் சிக்கல்

அளக்க உட்காரும் முன்பே ஒன்று புரிந்தது. பாதிக் குழப்பம் நம் மொழியில் இந்தச் சொற்களுக்கு இருக்கும் வழக்கத்தால் வருகிறது. "கனம்" என்றால் வீட்டில் எடை. "பை கனமா இருக்கு." ஆனால் புத்தகத்தில் "கன அளவு" என்றால் பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். கணக்குப் பாடத்தில் "கனசதுரம்". பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? சரி, "பருமன்" என்று சொல்லலாம் என்றால், அது அவர்கள் காதில் உடல் பருமன் என்றே விழுகிறது. அதனால் முதல் நாளே பலகையில் பருமனுக்குக் கீழே "எவ்வளவு இடம்?" என்றும், நிறைக்குக் கீழே "எவ்வளவு பொருள்?" என்றும் எழுதினேன். கடைசி வரை அதை அழிக்கவில்லை.

மூன்றாவது சொல்தான் பெரிய வில்லங்கம். அடர்த்தி என்றதும் பிள்ளைகள் "கெட்டி" என்று நினைக்கிறார்கள். கெட்டியான குழம்பு, கெட்டித் தயிர் மாதிரி. இதை வாயால் சொல்லி மாற்ற முடியாது. விளக்கெண்ணெய் வாங்கிவரச் சொன்னேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, "விளக்கெண்ணெய் ஊத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அடியில போயிடும், அது எவ்வளவு கெட்டி!" என்றார்கள். மெதுவாக நூல் மாதிரி இறங்கிய எண்ணெய், கொஞ்சம் உள்ளே போய், திரும்பி மேலே வந்து படிந்துகொண்டது. ஊசியில்லாத ஊசிக்குழலால் 50 மி.லி எண்ணெயை எடுத்து நிறுத்தோம்: 48 கிராம். தண்ணீர் 50 மி.லிக்கு 50 கிராம். அப்போ விளக்கெண்ணெய் 0.96, தண்ணீர் 1. ஊற்றும்போது மெதுவாக நகர்வது வேறு குணம், அதற்குப் பாகுநிலை என்று பெயர். அதற்கும் அடர்த்திக்கும் சம்பந்தமில்லை என்பதை அந்தத் தம்ளர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

கருவிகள்

பெரிதாக ஒன்றும் இல்லை. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு ஒன்று, 5 கிலோ வரை தாங்கும் சமையலறைத் தராசு ஒன்று (இது 1 கிராம் வரைதான் காட்டும்), பள்ளியில் இருந்த 100 மி.லி பிளாஸ்டிக் அளவுசாடி, ஒரு வாளி, தையல் நூல், அடிக்கோல்.

தராசு சரியா என்று பார்க்க எடைக்கல் தேடி அலைய வேண்டாம். நாணயச் சாலையில் அடித்த காசு போதும். 10 ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். பத்து நாணயங்களை வைத்தால் 77.1 வர வேண்டும். எங்கள் சின்னத் தராசு 77.0 காட்டியது. இந்த வேலைக்கு அது போதும்.

முதல் சனி: தேக்குத் துண்டு

ஆசாரி ஒருவர் கொடுத்த தேக்குத் துண்டு. இழைத்து, மூலைகள் சரியாக இருந்தது. நீளம் 6 செ.மீ, அகலம் 4, உயரம் 2.5. பெருக்கினால் 60 கன சென்டிமீட்டர். நிறை 39.2 கிராம். 39.2 ÷ 60 = 0.653.

அப்புறம் ரம்பத்தை எடுத்து அதைப் பாதியாக அறுத்தேன். அறுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் நோட்டில் ஊகத்தை எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலானோர் எழுதியது "பாதியாகும், 0.33 வரும்". அளந்தோம். ரம்பம் தின்ற தூள் போக ஒரு பாதியின் நீளம் 2.9 செ.மீ. பருமன் 29, நிறை 18.9. வகுத்தால் 0.652.

வகுத்தவன் நம்பவில்லை. மறுபடி அடிக்கோலை வைத்தான். மறுபடி நிறுத்தான். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்: "மேலயும் பாதியாச்சு, கீழயும் பாதியாச்சு." அவள் சொன்னது பின்னத்தைப் பற்றி. நான்காம் வகுப்பில் படித்த சமான பின்னம் இங்கே மரத்தில் வந்து நின்றது. அந்த வாக்கியத்தைப் பலகையில் அப்படியே எழுதி வைத்தேன்.

அலகை மாற்றுவதில் எப்போதும் தடுமாறுவார்கள். கிராம்/க.செ.மீ என்பதைக் கிலோகிராம்/க.மீ ஆக்க ஏன் ஆயிரத்தால் பெருக்க வேண்டும்? மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டிக்குள் பிடிக்கும் தண்ணீர்தான் அது. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால், இதில் ஆயிரம் கிலோ, ஒரு டன். தலைக்கு மேலே ஒரு டன் நிற்கிறது என்று தெரிந்ததும் நாலைந்து பேர் கீழே இறங்கி எங்கள் வகுப்பறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்கள். தண்ணீருக்கு 1 என்பதும் 1000 என்பதும் ஒரே விஷயம் என்று அப்புறம் விளக்க வேண்டி வரவில்லை.

இரண்டாவது சனி: ஆணியும் கம்பியும்

எல்லாம் தொடங்கிய கேள்விக்கு வந்தோம். ஆணிக்கு நீள அகலம் அளக்க முடியாது. அளவுசாடியில் 60 மி.லி தண்ணீர் எடுத்து, ஆணியைப் போட்டு, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஆணியைப் போட்டார்கள். கோடு அசையவே இல்லை. ஒன்றரை அங்குல ஆணி ஒன்றின் பருமன் கால் மி.லிக்கும் குறைவு; சாடியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் 1 மி.லி. எப்படித் தெரியும்? ஒருவன் கேட்டான், "மொத்தமாப் போடலாமா டீச்சர்?" அதைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். 50 ஆணிகள். 85.2 கிராம். தண்ணீர் 60-இலிருந்து 71-க்கு ஏறியது. 85.2 ÷ 11 = 7.75.

கம்பி: 12 மி.மீ தடிமன், 10 செ.மீ துண்டு. 88.6 கிராம். தண்ணீர் 71.5-க்கு ஏறியது. 88.6 ÷ 11.5 = 7.70.

"கம்பிக்குக் குறைச்சலா வருதே!" என்று ஒரு குரல். இப்போது வகுப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது, ஆணிக்குத்தான் அடர்த்தி அதிகம் என்று. 7.75, 7.70 என்று இரண்டு எண்ணைப் பார்த்ததும், பெரியது பெரியதுதான் என்று நினைக்கிறார்கள். எனக்கே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இதற்கு முன் தோன்றியதில்லை. "சாடியைப் படிச்சதுல அரை மி.லி தப்பா இருந்தா என்ன வரும்?" என்று கேட்டு, அவர்களையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆணிகளின் பருமன் 10.5 என்றால் 8.1. 11.5 என்றால் 7.4. ஆக, நாங்கள் உண்மையில் சொல்லக்கூடியது "7.4-லிருந்து 8.1-க்குள் எங்கேயோ" என்பது மட்டும்தான். கம்பியும் அதற்குள்தான் இருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் இரும்பின் 7.8-உம் அதற்குள்தான். அளவையில் தெரியாத வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பதை அன்று எல்லாரும் கணக்குப் போட்டே தெரிந்துகொண்டார்கள். அடர்த்தியை விடவும் இது பெரிய பாடம் என்பது என் எண்ணம்.

செய்யப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கம்பியை நேராகப் போட்டால் சாடி அடி விட்டுவிடும், சாய்த்து வழுக்கி விட வேண்டும். ஆணிகளுக்கு இடையில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும், சாடியைத் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கித்தான் படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தவர்களுக்கும் குனிந்து பார்த்தவர்களுக்கும் 1 மி.லி வித்தியாசம் வந்தது. கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும், அங்கே குழியின் அடியைப் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் சாடியில் மேற்பரப்பு கிட்டத்தட்டத் தட்டையாகவே இருக்கும், அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது சனி: மணலுக்குள் இருந்த இடம்

இந்த நாள்தான் எனக்கு மிகப் பிடித்தது. நன்றாக வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்த ஆற்று மணல். சாடியில் 50 மி.லி கோடு வரை நிரப்பினோம். சாடியின் எடை போக 79 கிராம். 79 ÷ 50 = 1.58. "மணலோட அடர்த்தி 1.58" என்று எழுதப் போனார்கள்.

"இருங்க, இதுல இன்னும் 50 மி.லி தண்ணி ஊத்தப் போறேன். எந்தக் கோட்டுல நிக்கும்?"

ஐம்பதும் ஐம்பதும் நூறு. யாருக்கும் சந்தேகமே இல்லை. மெதுவாக ஊற்றினேன். மணல் குமிழி விட்டுக்கொண்டே குடித்தது. சாடியைத் தட்டி, குமிழி நின்ற பிறகு பார்த்தால், தண்ணீர் 80-இல் நிற்கிறது.

சத்தமே இல்லை. அப்புறம் ஒரே நேரத்தில் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஆவியாகிவிட்டது, மணல் தண்ணீரை உறிஞ்சிவிட்டது, நான் குறைவாக ஊற்றிவிட்டேன், இப்படி. ஒவ்வொன்றையும் சோதித்தோம். ஊற்றும் முன்பும் பின்பும் நிறுத்துப் பார்த்ததில் நிறையில் ஒரு கிராம்கூடக் காணாமல் போகவில்லை. 79-உம் 50-உம் 129, தராசும் 129 என்றுதான் காட்டியது. பொருள் எங்கேயும் போகவில்லை. இடம் மட்டும்தான் குறைந்திருக்கிறது.

பின் வரிசையில் எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பையன் சொன்னான்: "பஸ்ல உக்கார்ந்தவங்க நடுவுல சின்னப் பிள்ளைங்க நுழைஞ்சிடும்ல, அது மாதிரி."

அதேதான். மணல் துகள்களுக்கு இடையில் 20 மி.லி இடம் காலியாக இருந்தது, அதில் காற்று இருந்தது, தண்ணீர் அதை வெளியே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. அப்படியென்றால் மணல் துகள்கள் மட்டும் அடைத்துக்கொண்ட இடம் 30 மி.லி. இப்போது வகுக்கச் சொன்னேன். 79 ÷ 30 = 2.63.

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம்; அதன் அடர்த்தி 2.65. ஒரு பிளாஸ்டிக் சாடியையும் வடிகட்டியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம். 1.58 தவறு என்று நான் அடிக்கச் சொல்லவில்லை. அது காற்றோடு சேர்ந்த மணல் குவியலின் அடர்த்தி. லாரியில் மணல் ஏற்றுகிறவருக்கு அந்த எண்தான் வேண்டும். 2.63 துகளின் அடர்த்தி. எந்தப் பருமனைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் அடர்த்தி என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இது அடுத்த வாரமே கை கொடுத்தது.

நான்காவது சனி: குத்துவிளக்கு

ஒரு மாணவி வீட்டில் கேட்டு, சின்னக் குத்துவிளக்கு ஒன்றை எடுத்து வந்தாள். நாச்சியார்கோவிலில் வாங்கியது என்றாள். கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் விளக்கைப் பகுதி பகுதியாக வார்த்து, மரை போட்டுத் திருகிச் சேர்ப்பார்கள். வார்ப்பு அச்சுக்குக் காவிரிப் படுகை வண்டல்தான். "இது சுத்தப் பித்தளையான்னு கண்டுபிடிக்கலாமா?" என்பது அவள் கேள்வி.

நிறை 412 கிராம். அளவுசாடிக்குள் நுழையாது. வாளி நிறையத் தண்ணீர் வைத்து, வழிந்ததைப் பிடித்து அளக்கலாம். ஆனால் விளிம்பில் தண்ணீர் உப்பி நிற்பதாலேயே பல மி.லி தப்பு வந்துவிடும். அதற்குப் பதில் வேறு வழி சொல்லிக்கொடுத்தேன். இதைத் தெரிந்துகொண்டால் பருமன் அளப்பதே விளையாட்டு.

சமையலறைத் தராசின் மேல் பாதி தண்ணீர் உள்ள பாத்திரத்தை வைத்து, பூஜ்யம் பொத்தானை அழுத்த வேண்டும். பொருளை நூலில் கட்டி, முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிட வேண்டும். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை கன சென்டிமீட்டர்தான் பொருளின் பருமன். ஏனென்றால், தண்ணீர் பொருளை மேலே தள்ளுகிறது. பொருள் அதே அளவு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல், பொருள் விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம் என்று கண்டு சொன்னவர் ஆர்க்கிமிடிஸ். தண்ணீரோ கிராமுக்கு ஒரு கன சென்டிமீட்டர். தராசு பாத்திரத்தின் கீழே இருப்பதால் அதையே படித்துவிடுகிறது. நீரில் தொங்கவிட்டு நிறுக்கும் தராசைப் பற்றி 1586-இல், 22 வயதில், கலிலியோ ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். ராஜாவின் தங்கக் கிரீடம் சுத்தமா என்று ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கதையில் வருவதுபோல வழியும் தண்ணீரை அளந்து அவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது அவர் கருத்து. வாளியை வழியவிட்டுப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது உடனே புரியும்.

விளக்கின் மேல் முனையில் நூலைக் கட்டி இறக்கினோம். தராசு 57 காட்டியது. 412 ÷ 57 = 7.23.

பித்தளை 8.4-லிருந்து 8.7 வரை இருக்க வேண்டும். 7.23 எங்கே, 8.4 எங்கே. அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ இது பித்தளை இல்லையா டீச்சர்?" வீட்டிலிருந்து ஆசையாக எடுத்து வந்த பிள்ளை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. துத்தநாகம் அதிகமோ, உள்ளே வேறு எதையாவது ஊற்றியிருப்பார்களோ என்று அவசரத்தில் ஏதேதோ சொல்லப் போனேன். நல்ல வேளையாகச் சொல்லவில்லை.

மணலை ஞாபகப்படுத்தியவன் அந்தப் பின்வரிசைப் பையன்தான். "இதுக்குள்ள எங்கயாவது காத்து இருக்கா?"

விளக்கை வெளியே எடுத்துத் திருப்பினேன். அடிப்பாகம் உள்ளே குடைவாக இருந்தது, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. மேல் முனையில் நூலைக் கட்டி நேராக இறக்கியதால், அந்தக் குடைவுக்குள் காற்று மாட்டிக்கொண்டு விளக்கோடு சேர்ந்தே தண்ணீருக்குள் போயிருக்கிறது. கவனிக்காமல் கட்டியது என் தப்பு. இந்தத் தடவை தண்ணீருக்குள் வைத்தே சாய்த்தோம். குபுக்கென்று ஒரு பெரிய குமிழி வந்தது. மரை போட்ட இடங்களிலிருந்து இரண்டு மூன்று சின்னக் குமிழிகள் வந்தன. மறுபடி தொங்கவிட்டால் 49. வகுத்தோம்: 412 ÷ 49 = 8.41.

அவளுக்கு வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. பித்தளைக்கான எண்ணுக்குள் வந்துவிட்டது. இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுக்க முடியாது, பித்தளைக்குரிய அடர்த்தி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம் என்பதையும் அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பாடம் அதோடு நிற்கவில்லை. "அப்போ 7.23 என்பது என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விளக்கும் எட்டு மி.லி காத்தும் சேர்ந்தது" என்றார்கள். "காத்தை இன்னும் அதிகமாக்கிட்டே போனா?" ஏழு ஆறாகும், ஆறு ஐந்தாகும், ஒரு நாள் ஒன்றுக்கும் கீழே போகும். அப்போது? "மிதக்கும்!" இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்பதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டி வரவில்லை. தவறான அந்த 57-ஐ அழித்திருந்தால் இது கிடைத்திருக்காது.

சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கி வந்து உடனே சோதித்தோம். 120 கிராம். விளிம்பு வரை தண்ணீர் பிடித்தால் 400 மி.லி. உலோகத்தின் பருமன் 120 ÷ 7.8, ஏறத்தாழ 15. ஆக, கிண்ணமும் அதன் உள்ளிடமும் சேர்ந்து 415 க.செ.மீ. 120 ÷ 415 = 0.29. மிதக்க வேண்டும், மிதந்தது. அடுத்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் மூழ்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? மொத்த நிறை 415 கிராமைத் தொட்டால் அடர்த்தி 1 ஆகிவிடும். 415 − 120 = 295. பலகையில் 295 என்று பெரிதாக எழுதிவிட்டு, ஊசிக்குழலில் பத்துப் பத்து மி.லியாக எண்ணி ஊற்றினார்கள். 250 தாண்டியதும் எல்லாரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். 280-இல் கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்து மூழ்கியது. நட்டநடுவில் ஊற்றியிருந்தால் இன்னும் தாங்கியிருக்கும் என்று ஒரு கூட்டம் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறது.

தேக்குத் துண்டு மாதிரி மிதக்கும் பொருளுக்கும் இந்தத் தராசு முறை அழகாக வேலை செய்யும். முழுத் தேக்குத் துண்டைப் பாதியாக்கிவிட்டோமே என்று மிச்சமிருந்த பாதியை மிதக்கவிட்டோம்: தராசு 19 காட்டியது, அது துண்டின் நிறை. மெல்லிய கம்பியால் மேலே தெரியாமல் அழுத்தி மூழ்கடித்தோம்: 29, அது பருமன். இரண்டையும் வகுத்தால் அடர்த்தி. அடிக்கோலே வேண்டாம்.

ஐந்தாவது சனி: முட்டையும் விதைநெல்லும்

எங்கள் பகுதி நெல் விளையும் பகுதி. ஒரு மாணவனின் தாத்தா விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பிரிப்பார். மிதப்பது பதர், மூழ்குவது நல்ல விதை. கரைசல் எப்போது சரியான பதத்துக்கு வந்தது என்று எப்படித் தெரியும்? புது முட்டை ஒன்றைப் போட வேண்டும். மேலே வந்து, ஒரு காசு அளவுக்குத் தண்ணீருக்கு வெளியே தலை காட்ட வேண்டும். வேளாண்மைத் துறையும் இதே முறையைத்தான் விவசாயிகளுக்குச் சொல்கிறது. அந்தக் காசளவு என்பது எந்த அடர்த்தி? அதைத்தான் அளந்தோம்.

500 மி.லி தண்ணீர். பத்துப் பத்து கிராமாகத் தூள் உப்பு. 50 கிராம் வரை முட்டை அடியிலேயே கிடந்தது. 60-இல் நிமிர்ந்து, அடியில் முனை மட்டும் ஊன்றி நின்றது. 70 கிராமில் மேலே வந்து காசளவு காட்டியது. அந்தக் கரைசலில் 100 மி.லி எடுத்து நிறுத்தால் 108 கிராம். அப்போ 1.08.

அதே கரைசலில் ஒரு கைப்பிடி நெல். கலக்கிவிட்டு நின்றோம். ஒரு பகுதி மிதந்தது. அதில் சிலவற்றை நகத்தால் பிளந்து பார்த்தால், உள்ளே அரிசி பாதிதான் நிரம்பியிருந்தது, சிலவற்றில் வெறும் உமிதான். உமிக்குள் அரிசி நிரம்பாத இடத்தில் காற்று. மணலில் பார்த்த காற்று, விளக்கில் பார்த்த காற்று. இதை நான் சொல்லவில்லை, பிளந்து பார்த்த பிள்ளையே சொன்னாள். வெறும் தண்ணீரிலும் முழுப் பதர் மிதக்கும். ஆனால் அரைகுறையாக நிரம்பிய நெல் தண்ணீரில் மூழ்கிவிடும். 1.08 அதையும் பிடித்துவிடுகிறது. உப்பு எதற்கு என்பதற்கு அவ்வளவுதான் காரணம்.

மூழ்கிய நெல்லை உடனே எடுத்து இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். தாத்தா சொல்லி அனுப்பியதாக அந்த மாணவன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அலசி, ஈரத்துணியில் கட்டி, ஜன்னலோரம் வைத்தோம். மிதந்த நெல்லையும் தனியாக ஒரு துணியில் கட்டி வைத்திருக்கிறோம். எத்தனை முளைக்கிறது என்று இரண்டையும் எண்ண வேண்டும். எண்ணுகிற பொறுப்பை அந்தப் பின்வரிசைப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வரும் சனிக்கிழமைக்கு ஒருவன் முற்றின தேங்காய் கொண்டு வருகிறானாம். மட்டையோடு ஒன்று, உரித்தது ஒன்று, உடைத்த மூடி ஒன்று. மூன்றில் எது மிதக்கும் என்று நோட்டில் ஊகத்தை எழுதி முடித்துவிட்டார்கள். எனக்குப் பெரிய பாத்திரம் ஒன்றும், மட்டைத் தேங்காயை முழுக்க அழுத்தி மூழ்கடிக்க நல்ல கம்பி ஒன்றும் வேண்டும்.